உற்சவருக்குள் ஓர் எட்டிப்பார்வை

கார்த்திகை தீபத்தன்று அந்தி சாயும் நேரம். திருவண்ணாமலைக் கோயிலில் வருஷத்துக்கு ஒரே ஒரு முறை அர்த்தநாரீஸ்வரர் ஆடி ஆடி வெளியே வருவார். சில நிமிஷ தரிசனம்தான். 'அண்ணாமலையாருக்கு அரோகரா' என்று ஊரே அலறும். பட்டையும் பூவையும் தாண்டி, உலோகத்தையும் தாண்டி அந்த உற்சவத் திருமேனிகளுக்குள் என்ன இருக்கும் என்று யோசித்ததுண்டா? பார்க்க முடியும்! அதுவும் ஒரு கீறல்கூட விழாமல்!

கீறல் விழக்கூடாது என்பதுதான் இங்கே முதல் சட்டம். பின்னப்பட்ட மூர்த்திக்குப் பூஜை கிடையாது. ஆய்வுக்காகக் கடுகளவு சுரண்டிக்கொள்கிறோம் என்று எந்த குருக்களிடம் போய்க் கேட்பது?

இதற்கு வழி தெரிந்தவர்கள் கல்பாக்கத்தில் இருக்கிறார்கள். இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் அணு உலை உலோகங்களில் விரிசல் தேடும் விஞ்ஞானிகள், அதே கருவிகளைச் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துச் செப்புத் திருமேனிகள் பக்கம் திருப்பினார்கள். பல்தேவ் ராஜ், சி. ராஜகோபாலன், சி.வி. சுந்தரம் மூவரும் இதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார்கள்.

வேலை நடக்கும் விதத்தைக் கேளுங்கள். சிலைக்குப் பின்னால் பிலிம், முன்னால் கதிர் மூலம். ஆஸ்பத்திரி எக்ஸ்ரே இவ்வளவு கெட்டி வார்ப்புக்கு முன் திணறிவிடும். அதனால் வீரியம் கூடிய எக்ஸ்ரே, அல்லது இரிடியம்-192, கோபால்ட்-60 தரும் காமா கதிர். ஆட்கள் எல்லாரும் விலகிய பிறகுதான் மூலம் திறக்கும். பிலிமைக் கழுவி விளக்கில் பிடித்தால், உலோகம் தடித்த இடம் வெளுப்பு, குறைந்த இடம் கறுப்பு. கறுப்பு இழை தெரிந்தால் விரிசல். குண்டூசித் தலை அளவுக் கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால், ஆஹா, அவைதான் பொக்கிஷம்!

தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உருவம் பிடித்து, வண்டல் மண் பூசி, மெழுகை உருக்கி வடித்துவிட்டு, காய்ச்சிய உலோகத்தை ஸ்தபதி ஊற்றும்போது சிக்கிய காற்றுக் குமிழிகள் அவை. அச்சை உடைத்துத்தான் சிலையை எடுக்க வேண்டும். ஆகவே ஒரு அச்சுக்கு ஒரே சிலை. முகத்தை அப்படியே நகலெடுக்கும் கெட்டிக்காரன்கூட அந்தக் குமிழிகளை அதே இடத்தில் வைக்க முடியாது. கைரேகை மாதிரி!

இன்னும் ஒரு அதிசயம் உண்டு. கல்பாக்கத்திலேயே 'காமினி' என்ற குட்டி அணு உலை 1996-இல் இயங்கத் தொடங்கியது. வெறும் 30 கிலோவாட். எரிபொருள் தோரியத்திலிருந்து கிடைக்கும் யுரேனியம்-233. அதன் நியூட்ரான்களால் படம் எடுக்கிறார்கள். ராக்கெட்டுகளின் வெடிமருந்துச் சாதனங்களைக்கூட அப்படிச் சோதித்திருக்கிறார்கள். எக்ஸ்ரேயைத் தடுக்கும் ஈயத்தை நியூட்ரான் சுலபமாகக் கடந்துவிடும். ஹைட்ரஜன் நிறைந்த மெழுகு, மரம், காகிதம்தான் அதைத் தடுக்கும். சுவிட்சர்லாந்தின் பால் ஷெரர் நிறுவனத்தில் மூடி முத்திரையிட்ட திபெத்தியப் புத்தர் சிலைகளைத் திறக்காமலே, உள்ளே வைத்திருந்த பொருட்களை இந்த முறையில்தான் பார்த்தார்கள். என்ன, செம்பு கொஞ்ச நேரம் கதிரியக்கம் பெற்றுவிடும். செம்பு-64 பாதியாகக் குறையவே சுமார் 13 மணி நேரம். சில நாள் ஓய்வு கொடுத்தால் போதும்.

இந்தப் படங்கள் வேடிக்கைக்கு மட்டுமல்ல. களவுபோன ஸ்ரீபுரந்தான் நடராஜர் 2014-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து திரும்பினார். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1994-இல் எடுத்து வைத்திருந்த புகைப்படம் அடையாளம் காட்ட உதவியது. வெளித்தோற்றப் படத்துக்கே இத்தனை பலம் என்றால், உள்ளிருக்கும் குமிழிகளின் படம் கையில் இருந்தால்?

திருவண்ணாமலையிலிருந்து வந்தவாசி வழியாகக் கல்பாக்கம் போக அரை நாள்கூட ஆகாது. அறநிலையத் துறை அந்த விஞ்ஞானிகளைக் கோயில்களுக்கு அழைக்கட்டும். ஒவ்வொரு உற்சவருக்கும் ஒரு கதிர்ப்படம் எடுத்துக் கோயில் பதிவேட்டில் சேர்க்கட்டும். திருடன் வருவதற்கு முன்னால் இதைச் செய்ய வேண்டும்.