முதிர்ந்த டிஷ்வாஷரும் கிருஷ்ணகிரித் தண்ணீரும்

பாத்திரம் கழுவும் இயந்திரமான டிஷ்வாஷர் இந்திய வீடுகளில் நெடுங்காலம் அரிதாகவே இருந்து, 2020-ஆம் ஆண்டு ஊரடங்கில் வீட்டுவேலைக்கு ஆள் வர இயலாமல் போனபோதுதான் நடுத்தரக் குடும்பங்களின் சமையலறைகளில் பரவலாக இடம்பெறத் தொடங்கியது. அப்போது வாங்கப்பட்ட இயந்திரங்கள் ஐந்தாண்டுகளைக் கடந்து முதல் பெரிய பழுதைச் சந்திக்கும் வயதில் இருப்பதால், செலவழித்துச் சரிசெய்வதா, கொடுத்துவிட்டுப் புதியது வாங்குவதா என்னும் கேள்வி ஓசூர், கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டினம் ஆகிய ஊர்களின் வீடுகளிலும் எழுவது இயல்பு. வயதைக் கேட்டுவிட்டு விடை சொல்வதே பொதுவான வழக்கம். ஆயினும் ஆழ்துளைக் கிணறுகளை நம்பி வாழும் இப்பகுதியில், ஒரு டிஷ்வாஷரின் உண்மையான முதுமையை அதனுள் ஓடிய தண்ணீரே தீர்மானிக்கிறது.

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தைச் சேர்ந்த ஜோசபின் காக்ரேன் 1886-இல் காப்புரிமை பெற்று, 1893-இல் சிகாகோ உலகக் கண்காட்சியில் காட்டிய இயந்திரத்தின் அடிப்படை இன்றுவரை மாறவில்லை. தட்டுகளைத் தேய்க்காமல், அவற்றைக் கம்பிக்கூடைகளில் நிறுத்தி, அழுத்தத்துடன் நீரைப் பாய்ச்சி அழுக்கை அகற்றுவதே அந்த அடிப்படை. இன்றைய இயந்திரத்தில் மின்காந்த வால்வு வழியே நுழையும் நீர், அடித்தொட்டியில் சில லிட்டர் அளவுக்கு மட்டும் நிரம்பி, ஹீட்டரால் சூடாகி, சுழற்சிப் பம்பினால் மேலே தள்ளப்பட்டு, நீரின் வேகத்தாலேயே சுழலும் தெளிப்புக் கரங்களின் துளைகளிலிருந்து பாத்திரங்கள்மீது பாய்கிறது. விழுந்த நீர் வடிகட்டியைக் கடந்து மீண்டும் பம்புக்கே வருவதால், முழுச் சுற்றுக்கும் ஏறத்தாழ 10 லிட்டர் போதுமானதாகிறது. கழுவி முடித்த நீரை வடிகால் பம்ப் வெளியேற்றுகிறது. இந்தப் பயணத்தில் எந்த உறுப்பு கெட்டது என்பதைப் பொறுத்தே அடுத்த முடிவு அமைய வேண்டும்.

கருங்கல் பாறைகள் நிறைந்த கிருஷ்ணகிரி மாவட்டத்தில், மழைநீர் பாறை வெடிப்புகளுக்குள் இறங்கி நெடுநாள் தங்கி, கால்சியம், மக்னீசியம் உப்புகளைக் கரைத்துக்கொண்டு ஆழ்துளைக் கிணற்றின் வழியே மேலே வருகிறது. மக்கள் ‘உப்புத் தண்ணீர்’ என்று சொல்லும் இதனையே வேதியியல் கடினநீர் என்கிறது. குடிநீரில் மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பதே நலம் என்றும், வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 மில்லிகிராம் வரை ஏற்கலாம் என்றும் இந்தியத் தர நிர்ணய அமைவனம் வரையறுத்துள்ளது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரிலுள்ள புளூரைடு தந்த துன்பத்திற்குத் தீர்வாக 2013-இல் செயல்பாட்டுக்கு வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் காவிரி நீரைக் கொண்டுவந்தது. எனினும் புளூரைடும் கடினத்தன்மையும் வெவ்வேறானவை என்பதையும், குழாயில் வரும் காவிரி நீரைக் குடிக்கவும் சமைக்கவும் ஒதுக்கிவிட்டு, மாடித்தொட்டியில் ஏற்றிய போர் தண்ணீரையே துவைக்கவும் கழுவவும் பயன்படுத்தும் வீட்டில் டிஷ்வாஷருக்குப் போவது இரண்டாவது நீரே என்பதையும் மறந்துவிடக் கூடாது.

அந்த நீரின் விளைவை எளிய கணக்கொன்று காட்டும். லிட்டருக்கு 500 மில்லிகிராம் கடினத்தன்மை கொண்ட நீரில் ஒரு சுற்றுக்கு 10 லிட்டர் செலவானால், ஒவ்வொரு முறையும் 5 கிராம் சுண்ணாம்புப் பொருள் இயந்திரத்துக்குள் நுழைகிறது. ஆண்டுக்கு 300 முறை ஓட்டினால் அது ஒன்றரைக் கிலோ ஆகிறது. சூடாகும் நீரிலிருந்து இதன் ஒரு பகுதி பிரிந்து ஹீட்டரின்மீது வெள்ளைப் படிவாகப் படிகிறது. வெப்பத்தை எளிதில் கடத்தாத அப்படிவு, ஹீட்டரின் சூடு நீருக்குள் இறங்குவதைத் தடுப்பதால், ஹீட்டர் தன் வெப்பத்தாலேயே எரிந்துபோகிறது.

இதைத் தடுப்பதற்காகவே, நல்ல இயந்திரங்கள் பலவற்றில் மென்னீராக்கி என்னும் பகுதி உள்ளது. அதிலுள்ள ரெசின் மணிகள் தம்மிடமுள்ள சோடியம் அயனிகளை விடுத்துக் கால்சியம், மக்னீசியம் அயனிகளைப் பிடித்துக்கொள்கின்றன. மணிகள் நிறைந்ததும், பயனர் நிரப்பி வைத்த உப்பின் கரைசல் அவற்றினூடே ஓடி, பிடிபட்ட அயனிகளை வெளியேற்றி மீண்டும் சோடியத்தை ஏற்றுகிறது. அயனிப் பரிமாற்றம் எனப்படும் இம்முறை காவேரிப்பட்டினத்துக்குப் புதிதன்று. அவ்வட்டார மாங்கூழ் ஆலைகளைப் போன்று நீராவியை நம்பும் தொழிற்கூடங்களில், கொதிகலனுக்குச் செல்லும் நீரை மென்மையாக்கப் பயன்படுவதும் இதுவே. ஆலையில் ரெசினைக் கவனிக்கத் தவறினால் கொதிகலன் கெடும் என்பதை அறிந்த ஊரில், வீட்டு இயந்திரத்தின் உப்பு விளக்கு எரிந்தும் மாதக்கணக்கில் உப்பிடாமல் ஓட்டுவது வருந்தத்தக்க அறியாமை. சமையல் தூள் உப்பில் கட்டிபிடிக்காமலிருக்கச் சேர்க்கும் பொருள்கள் மென்னீராக்கியை அடைத்துவிடும் என்பதால், இயந்திரத்துக்கென விற்கும் பரல் உப்பையே இட வேண்டும்.

பழுது என்று கருதப்படுவனவற்றுள் கணிசமானவை பழுதே அல்ல. பாத்திரங்களில் எண்ணெய்ப் பிசுக்கு நின்றால், அடைபட்ட வடிகட்டியையும், தெளிப்புக் கரங்களின் துளைகளில் சிக்கிய சீரகம், கடுகு போன்றவற்றையும் முதலில் பார்க்க வேண்டும். கண்ணாடிக் குவளையில் வெண்படலம் தோன்றினால், அதன்மீது எலுமிச்சைச் சாற்றையோ வினிகரையோ தடவிப் பார்ப்பது சிறந்த சோதனை: படலம் கரைந்தால் அது சுண்ணாம்புப் படிவு, அதாவது மென்னீராக்கியின் குறை, கரையாவிட்டால் கண்ணாடியே அரிக்கப்பட்டுள்ளது, அதற்கு மிகையான மென்னீரும் சூடும் கழுவும் தூளும் காரணம். உப்பு நிரப்பி மாதங்கள் கடந்தும் அளவு குறையாமலிருந்தால், உப்புக் கரைசலைச் செலுத்தும் வால்வையோ மென்னீராக்கியையோ ஐயுற வேண்டும். இவற்றைப் பாராமலேயே இயந்திரத்தைக் கிழடு என்று முடிவுகட்டுவோர் பலர்.

உண்மையான பழுதுகளில் நீர் நுழையும் வால்வு, வடிகால் பம்ப், கதவின் ரப்பர், தெளிப்புக் கரம் ஆகியவை தனித்தனியே கழற்றி மாற்றத்தக்கவையும் விலை குறைந்தவையும் ஆதலால், பத்தாண்டு ஆன இயந்திரத்திலும் இவற்றை மாற்றத் தயங்க வேண்டியதில்லை. சுழற்சிப் பம்பைப் பொறுத்தவரை சற்று நின்று சிந்திக்க வேண்டும். பழைய அமைப்பில் பம்பை இயக்குவது, கண்டென்சர் எனப்படும் மின்தேக்கியுடன் கூடிய சாதாரண மோட்டார். அதில் கண்டென்சர் தளர்ந்தால் மோட்டார் முனகும், சுழலாது, அப்போது கண்டென்சரை மட்டும் மாற்றினாலே போதும். தண்டைச் சுற்றிய வாட்டர் சீல் தேய்ந்து நீர் கசிந்து பேரிங் துருப்பிடித்தாலும் சீலையும் பேரிங்கையும் மாற்றலாம். சுருள் எரிந்துபோனால்கூட, விவசாயப் பம்புசெட்டுகளுக்குக் காயில் கட்டியே தேர்ந்த தொழிலாளர்கள் இம்மாவட்டத்தின் சிற்றூர்களிலும் இருப்பதால், நகரத்துச் சேவை மையம் கைவிரிக்கும் மோட்டாருக்கும் இங்கே மறுவாழ்வு கிடைக்கக்கூடும். புதிய அமைப்புகள் பலவற்றிலோ பம்பும் ஹீட்டரும் ஒரே தொகுதியாக வார்க்கப்பட்டு, மின்னணுச் சுற்றால் இயங்கும் மோட்டாருடன் வருகின்றன. அவை மின்சாரத்தை மிச்சப்படுத்துவது உண்மையே எனினும், உப்புப் படிந்து ஹீட்டர் எரிந்தால் நல்ல பம்பையும் சேர்த்தே எறிய நேர்கிறது. கடினநீர் வட்டாரத்தில் இந்த வடிவமைப்பு நுகர்வோருக்குப் பெரும் சுமை.

கட்டுப்பாட்டு போர்டு, அதாவது இயந்திரத்தின் செயல்வரிசையை நடத்தும் மின்னணுப் பலகை, மின்னழுத்த ஏற்றத்தாழ்வால் கெடுவது வழக்கம். முழுப் பலகையையும் மாற்றச் சொல்வது சேவை மையங்களின் நடைமுறை. ஆனால் பெரும்பாலும் கெட்டிருப்பது ஹீட்டரை இயக்கும் ரிலே, மிகையழுத்தத்தைத் தாங்கும் வேரிஸ்டர் போன்ற சிறு உறுப்புகளே. போர்டு சர்வீஸ் செய்யும் அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் ஒருமுறை காட்டிவிட்டு முடிவெடுப்பதே அறிவுடைமை. இப்பகுதியிலிருந்து எளிதில் எட்டும் தொலைவிலுள்ள பெங்களூருவின் எஸ்.பி. ரோடு மின்னணுச் சந்தையில் இத்தகைய உறுப்புகள் தனித்தனியே கிடைக்கின்றன.

மீட்க இயலாதவையும் உண்டு. துருப்பிடிக்காத எஃகாலான உட்தொட்டி கடினநீரைத் தாங்கினாலும், உப்பிடும்போது சிந்திய பரல்கள் கழுவப்படாமல் கிடந்தால் அவற்றிலுள்ள குளோரைடு எஃகின் காப்புப் படலத்தைத் துளைத்து ஊசிமுனைத் துளைகளை உண்டாக்குகிறது. உப்பிட்டவுடன் ஒரு சுற்று ஓட்டிவிட வேண்டும் என்று கையேடுகள் வற்புறுத்துவது இதனால்தான். தொட்டி துளைபட்டு, கசிந்த நீர் அடித்தட்டில் தேங்கி, அங்குள்ள மிதவை சுவிட்ச் இயந்திரத்தை அடிக்கடி நிறுத்துமாயின், வேறு எந்த உறுப்பைப் புதுப்பித்தாலும் பயனில்லை. நீரும் மின்சாரமும் சந்திக்கும் அந்த நிலையில் பழுதுபார்ப்பு ஆபத்தும் ஆகும். இரண்டு மூன்று பெரிய உறுப்புகள் ஓராண்டுக்குள் அடுத்தடுத்துக் கெடுவதும் உட்புறம் முழுவதும் சுண்ணாம்பு ஏறியதன் அடையாளமாக இருக்கலாம்.

பழுதுச் செலவு புதிய விலையில் பாதியைத் தாண்டினால் மாற்றிவிடு என்னும் விதி பலராலும் சொல்லப்படுவது. அது எஞ்சிய ஆயுளைக் கணக்கில் எடுப்பதில்லை. ஆண்டொன்றுக்கான செலவை ஒப்பிடுவதே முறை. எடுத்துக்காட்டாக, 45,000 ரூபாய் இயந்திரம் பத்தாண்டு உழைக்குமெனில் ஆண்டுச் செலவு 4,500 ரூபாய். 9,000 ரூபாய்ப் பழுதுபார்ப்பு மூன்றாண்டு தருமெனில் ஆண்டுக்கு 3,000 ரூபாயே ஆவதால் பழுதுபார்ப்பதே இலாபம், ஓராண்டுதான் தருமெனில் நட்டம். புதியது மின்சாரத்தை மிச்சப்படுத்தும் என்னும் வாதமும் இதில் பெரிதாக நிற்பதில்லை. ஒருமுறை அடித்தொட்டியில் நிரம்பும் 4 லிட்டர் நீரை 25 பாகையிலிருந்து 65 பாகை செல்சியசுக்குச் சூடாக்க 0.19 யூனிட் தேவை, இது இயற்கை விதி; ஹீட்டரால் சூடாக்கும் எந்தப் புது இயந்திரமும் இதைக் குறைக்க இயலாது, நீரின் அளவையும் வெப்பநிலையையும்தான் குறைக்க இயலும். சுற்றுக்கு 0.3 யூனிட் மிச்சம் என்று கொண்டாலும், 300 சுற்றுக்கு 90 யூனிட். யூனிட் 8 ரூபாய் எனின் ஆண்டுக்கு 720 ரூபாய். இரவு பகலாக ஓடும் குளிர்சாதனப் பெட்டிக்குப் பொருந்தும் கணக்கு, நாளொன்றுக்கு ஒருமுறை ஓடும் இதற்குப் பொருந்தாது.

உதிரிபாகம் கிடைக்காமல் போவதே பல நல்ல இயந்திரங்களின் முடிவுக்குக் காரணம். ஐரோப்பிய ஒன்றியம் 2021 மார்ச் முதல் நடைமுறைப்படுத்திய விதியின்படி, ஒரு மாதிரியின் கடைசி இயந்திரம் சந்தைக்கு வந்தபின் குறைந்தது 7 ஆண்டுகள் பம்ப், ஹீட்டர், போர்டு ஆகியவற்றைத் தொழில்முறை மெக்கானிக்குகளுக்கும், 10 ஆண்டுகள் கதவு ரப்பர், தெளிப்புக் கரம், கூடை ஆகியவற்றைப் பயனர்களுக்கும் கிடைக்கச் செய்வது உற்பத்தியாளரின் கடமை. இந்தியாவில் நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கான இணைய வாயிலைத் தொடங்கி, வீட்டு உபயோகப் பொருள்களையும் அதில் சேர்த்தது. ஐரோப்பாவைப் போல் ஆண்டுக் கணக்கில் கட்டாயப்படுத்தும் சட்டம் இங்கும் வர வேண்டும்.

மாற்றுவதென முடிவானால், பழையதைக் காயலான் கடையில் போட்டு உடைக்க விடுவது தவறு. 2023 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள மின்னணுக் கழிவு விதிகள், டிஷ்வாஷரையும் உள்ளடக்கி, மறுசுழற்சிப் பொறுப்பை உற்பத்தியாளர்மீது சுமத்துகின்றன. புதியது வாங்கும்போதே பழையதை ஒப்படைக்கும் ஏற்பாட்டைக் கேட்டுப் பெறலாம். புதிய இயந்திரம் வந்த அன்று செய்ய வேண்டிய முதல் வேலை, சோதனைத் தாளைக் கொண்டு வீட்டுத் தண்ணீரின் கடினத்தன்மையை அளந்து, அதற்கேற்ப மென்னீராக்கியின் அளவை அமைப்பது. தொழிற்சாலையில் பொதுவாக வைத்து அனுப்பும் அளவு போர் தண்ணீருக்குப் பெரும்பாலும் போதாது. கோடையில் நிலத்தடி நீர் இறங்கி உப்பு ஏறும் மாதங்களில் இதை மறுபடியும் அளந்து மாற்ற வேண்டும்.