மேலுக்கு மட்டும்
அடிபட்ட இடத்தில் தடவ வந்த சீனத் தைலத்தை உள்ளுக்குக் குடித்தால் ஆளையே சாய்த்துவிடும்

வம்பு பெயரிலேயே இருக்கிறது. கான்டனீஸ் மொழியில் 'டிட் டா ஜோ' என்றால் 'விழுந்து அடிபட்டதற்கான மது' என்று அர்த்தம். குங்ஃபூ பள்ளிகளில் தலைமுறைகளாகப் புழங்கும் இந்தக் கருந்திரவத்தை, மூலிகைகளைச் சாராயத்தில் மாதக்கணக்கில் ஊறவைத்து எடுக்கிறார்கள். மணல் மூட்டையைக் குத்திக் குத்தி வீங்கிய கைக்கும் சுளுக்கிய கணுக்காலுக்கும் தடவுவது வழக்கம். மூலிகை, அதுவும் மதுவில் ஊறியது. ஒரு மடக்கு உள்ளுக்கும் விட்டால் என்ன என்று யாருக்காவது தோன்றாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

பெங்களூர் ஸ்ரீராம்புரத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? தமிழ்க் குடும்பங்கள் நெருக்கியடித்து வாழும் இந்தப் பேட்டையில் சீனத் தைலம் ஒன்றும் புதிதல்ல. கோடாலித் தைலமும் டைகர் பாமும் வாங்கி வராத சிங்கப்பூர் உறவினர் உண்டா? 1973இல் வெளியான 'என்டர் தி டிராகன்' படத்துக்குப் பிறகு, ப்ரூஸ் லீயின் படத்தைச் சுவரில் ஒட்டாத வாலிபர் கூட்டமும் அபூர்வம். கராத்தே, குங்ஃபூ வகுப்புகள் அந்த வழியில் வந்தன. இன்று டிட் டா ஜோ வேண்டுமென்றால் உறவினருக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. கூரியரில் வீட்டு வாசலுக்கே வந்துவிடுகிறது.

இதை எழுதுபவரின் பாட்டி ஸ்ரீராம்புரத்துச் சந்து வீட்டில் இருந்தவர். வயிறு பொருமினால் வெந்நீரில் சிங்கப்பூர்த் தைலம் இரண்டு சொட்டு விட்டுக் குடிப்பார். எண்பதைத் தாண்டியும் தெம்பாக இருந்தார். இரண்டு சொட்டு அவரை ஒன்றும் செய்யவில்லை என்பது உண்மைதான். ஆனால் அந்த பாட்டிலில் இருப்பது குடிக்கக்கூடிய வஸ்து என்று பேரப்பிள்ளைகள் மனதில் பதிந்துவிட்டது. சொட்டு தேக்கரண்டியாவதற்கு எவ்வளவு நேரம் ஆகும்?

டிட் டா ஜோவுக்கு ஒரே செய்முறை கிடையாது. ஒவ்வொரு ஆசானுக்கும் ஒரு ரகசியம். வெள்ளைப்போளம், குந்திரிக்கம், குசும்பப்பூ போன்றவை பல கலவைகளில் இருக்கும். சிலவற்றில் எட்டிக்கொட்டை சேரும். சிலவற்றில் நம்மூர் வச்சநாபியின் சீனத்துச் சகோதரர்களான கிழங்குகள் சேரும். வலியை மரக்கச் செய்வது இவற்றின் வேலை. வயிற்றுக்குள் போனால் மரப்பு தோலோடு நிற்காது. நாபியில் உள்ள அகோனிட்டின் என்ற விஷம் மில்லிகிராம் கணக்கிலேயே உயிரை எடுக்கும். முதலில் வாயும் நாக்கும் மரத்துப்போகும், கைகால் மதமதக்கும், வாந்தி வரும். பிறகு இதயம் தாறுமாறாகத் துடிக்கும். பெரும்பாலும் இரண்டு மணி நேரத்துக்குள் இவ்வளவும் நடந்துவிடும். இதற்கென்று தனி மாற்று மருந்து கிடையாது. எட்டிக்கொட்டையின் ஸ்ட்ரிக்னைன் வேறு வகை: உடலை வில்லாக வளைக்கும் வலிப்பு.

நாபியைச் சீன வைத்தியர்கள் உள்ளுக்கும் கொடுக்கிறார்களே என்று கேட்கலாம். கொடுக்கிறார்கள், மணிக்கணக்கில் வேகவைத்த பிறகு. கொதிக்கக் கொதிக்க அகோனிட்டின் சிதைந்து வீரியம் குறைகிறது. சாராயத்தில் ஊறவைத்தால் நடப்பது நேரெதிர். விஷம் சிதையாமல் அப்படியே திரவத்தில் இறங்குகிறது. ஆக, பல மாதம் ஊறிய 'நல்ல சரக்கு' என்று பெருமை பேசும் பாட்டிலைத்தான் அதிகம் சந்தேகப்பட வேண்டும். நாபி வைத்தியத்தால் விஷமேறி மருத்துவமனைக்கு வந்தவர்களைப் பற்றி ஹாங்காங் மருத்துவர் தாமஸ் சான் 1990களில் தொடர்ந்து எழுதினார். 1999இல் ஹாங்காங் சீன மருத்துவச் சட்டத்தை இயற்றியது. அதில் ஆபத்தானவை என்று பட்டியலிடப்பட்ட 31 சரக்குகளில் சுத்தி செய்யாத நாபி வகைகளும் எட்டிக்கொட்டையும் உண்டு.

இந்த விஷயத்தில் நம் வைத்தியமும் ஏமாளி அல்ல. சித்த மருத்துவம் அகமருந்து 32, புறமருந்து 32 என்று பிரித்தே வைத்திருக்கிறது. நாபியைக் கோமூத்திரத்தில் ஊறவைத்துச் சுத்தி செய்யாமல் உள்ளுக்குக் கொடுப்பதில்லை. வர்ம ஆசான்கள் தடவ ஒரு தைலம், குடிக்க வேறொரு கஷாயம் என்றுதான் தருவார்கள். இந்தியாவின் மருந்துச் சட்ட விதிகளிலும் 'இ(1)' என்ற அட்டவணை எட்டி, வச்சநாபி, சேராங்கொட்டை போன்றவற்றை நச்சுச் சரக்குகளாகக் குறித்து, அவை சேர்ந்த உள்மருந்துகளை மருத்துவர் மேற்பார்வையில்தான் சாப்பிட வேண்டும் என்று லேபிளில் அச்சிடச் சொல்கிறது. பாரம்பரியத்தின் பெயரைச் சொல்லித் தடவும் தைலத்தைக் குடிப்பவர், பாரம்பரியம் சொன்னதைத்தான் மீறுகிறார்.

நாபியும் எட்டியும் இல்லாத தைலத்தைக் குடிக்கலாமா? கூடாது. குளிர்ந்து பிறகு சுரீரென்று எரியும் தைலங்களில் பலவற்றில் மீதைல் சாலிசிலேட் இருக்கிறது. ஆஸ்பிரினின் நெருங்கிய உறவு. கலப்பில்லாத விண்டர்கிரீன் எண்ணெய் ஒரு தேக்கரண்டி, 325 மில்லிகிராம் ஆஸ்பிரின் மாத்திரை இருபதுக்கு மேல் விழுங்கியதற்குச் சமம். சீனக் கடைகளில் விற்கும் 'சிவப்புப் பூ எண்ணெய்' சிலவற்றில் பாதிக்கு மேல் இதுதான். குழந்தை கையில் கிடைத்தால் சொல்ல வேண்டியதில்லை. கற்பூரம் இன்னும் வேகமாக வேலை செய்யும்; சில நிமிடங்களில் வலிப்பு வரலாம். விளக்கெண்ணெய் என்று நினைத்துக் கற்பூர எண்ணெயைக் குழந்தைகளுக்குக் கொடுத்த விபரீதங்களுக்குப் பிறகு, 1980களின் தொடக்கத்தில் அமெரிக்கா கற்பூர எண்ணெய் விற்பனைக்குத் தடை போட்டது.

தடவுவதிலும் அளவு உண்டு. 2007இல் நியூயார்க்கில் பள்ளி ஓட்ட வீராங்கனை ஒருவரின் மரணத்துக்கு, வலி நிவாரணக் களிம்புகளை அளவுக்கு மீறிப் பூசியதால் உடலில் சேர்ந்த மீதைல் சாலிசிலேட்தான் காரணம் என்று பிரேதப் பரிசோதனை சொன்னது. வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமல் காக்கும் மருந்து சாப்பிடுபவர்கள் இந்தத் தைலங்களை டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது. தோல் கிழிந்த காயத்தில் டிட் டா ஜோவை யாருமே தடவக்கூடாது.

கடைசியாகச் சாராயம். தடவுவதற்குத்தானே என்று மலிவான ஸ்பிரிட்டில் ஊறவைத்தால் அதில் மெத்தனால் இருக்கலாம். மெத்தனால் என்ன செய்யும் என்று பெங்களூருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. 1981 ஜூலையில் இந்த நகரில் கள்ளச் சாராயம் 300க்கும் மேற்பட்டோரைப் பலி கொண்டது. 2016 டிசம்பரில் ரஷ்யாவின் இர்குட்ஸ்கில் 70க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்கள் குடித்தது குளியல் லோஷன். குடிக்கக் கூடாது என்று பாட்டிலில் எச்சரிக்கை இருந்தது.

எச்சரிக்கை இருக்கும் பாட்டில்களே இந்தப் பாடு. சீன எழுத்துக்கு நடுவே பொடி எழுத்து ஆங்கிலத்தில் ஒரு வரி இருந்தாலும் ஸ்ரீராம்புரத்தில் எத்தனை பேர் படிப்பார்கள்? மாஸ்டர் வீட்டிலேயே தயாரித்து, பழைய பிராந்தி பாட்டிலில் ஊற்றிக் கொடுப்பதற்கு லேபிளே கிடையாது. ஒரு வெள்ளைக் காகிதத்தில் 'மேலுக்கு மட்டும்' என்று தமிழிலும் கன்னடத்திலும் எழுதி ஒட்டுவது ஒரு நிமிட வேலை. தண்ணீர் பாட்டில், கூல்டிரிங்க் பாட்டிலில் ஊற்றி வைப்பதை அடியோடு நிறுத்த வேண்டும்.

யாராவது குடித்துவிட்டால் விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்க வேண்டாம். எண்ணெய் நுரையீரலுக்குள் போகும். கற்பூரமாக இருந்தால் பாதியில் வலிப்பு வரும். அறிகுறி தெரியட்டும் என்றும் காத்திருக்க வேண்டாம். டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் தேசிய விஷத் தகவல் மையத்தை 1800 116 117 என்ற இலவச எண்ணில் கேட்கலாம். ஸ்ரீராம்புரத்துக்காரர்களுக்கு மல்லேஸ்வரத்து கே.சி. ஜெனரல் மருத்துவமனை பக்கம். போகும்போது பாட்டிலையும், மிச்சமிருக்கும் தைலத்தோடு, கையோடு எடுத்துப் போங்கள். உள்ளே என்ன போயிருக்கிறது என்று டாக்டர் கேட்கும் முதல் கேள்விக்கு அதுதான் பதில்.