வலையொலியும் உயர்கல்வியும்

செவி வாயிலாகக் கல்வி பெறுதல் நம் நாட்டிற்குப் புதிதன்று. தமிழில் 'கேள்வி' என்னும் சொல், கேட்டுப் பெறும் அறிவையும் வினாவையும் ஒருங்கே குறிப்பது கருதத்தக்கது. கேட்டலோடு வினவலும் சேரும்போதுதான் கல்வி நிலைபெறுகிறது. உயர்கல்வி நிலையங்களில் இன்று இடம்பெற்றுவரும் வலையொலி என்னும் சாதனத்தையும் இந்த அளவுகோலைக் கொண்டே மதிப்பிட வேண்டும்.

வலையொலி என்பது யாது?

பேச்சைப் பதிவு செய்து, கோப்பாக்கி, இணையத்தில் வைத்து, வேண்டுவோர் தத்தம் கைப்பேசியில் இறக்கிக்கொள்ளச் செய்வதே வலையொலியாகும். ஒவ்வொரு தொடருக்கும் இணையத்தில் ஒரு பட்டியல் உண்டு. அதில் புதிய பகுதி சேர்ந்தவுடன் கேட்போரின் கருவி அதனை அறிந்து பெற்றுக்கொள்கிறது. 'பாட்காஸ்ட்' என்னும் ஆங்கிலப் பெயர் 2004-ஆம் ஆண்டில் தோன்றியது. அதே ஆண்டில் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகம், முதலாண்டு மாணவர்களுக்கு ஐபாட் என்னும் சிறு ஒலிக்கருவியை வழங்கி, கல்வியில் அதன் பயனைச் சோதித்தது.

வானொலி நிகழ்ச்சி குறித்த நேரத்தில் வந்து மறைந்துவிடும். வலையொலியை நிறுத்தலாம், பின்னோக்கி நகர்த்தலாம், பத்து முறையும் கேட்கலாம். ஒரு கருத்தைப் பிடித்துக்கொள்ள நேரம் வேண்டும் மாணவர்க்கு இது பேருதவியாகும்.

ஆண்டர்சன்பேட்டையின் தேவை

கோலார் தங்கவயலைச் சேர்ந்த ஆண்டர்சன்பேட்டையை எடுத்துக்கொள்வோம். தங்கவயலின் தமிழ்க் குடும்பங்களிற் பெரும்பாலானவை, சுரங்க வேலைக்காக வட ஆர்க்காடு, சேலம், சித்தூர் முதலிய பகுதிகளிலிருந்து வந்து குடியேறியோரின் வழிவந்தவை. 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. அதன்பின் பிழைப்பை நாடியும் படிப்பை நாடியும் ஆயிரக்கணக்கானோர் நாள்தோறும் மாரிக்குப்பம், சாம்பியன், உரிகம், கோரமண்டல் நிலையங்களில் இரயிலேறிப் பங்காருப்பேட்டை வழியாகப் பெங்களூர் சென்று திரும்புகின்றனர். ஒருவழிப் பயணமே ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆகிறது. நெரிசல் மிக்க பெட்டியில் நின்றுகொண்டு நூலை விரித்துப் படித்தல் இயலாது; கேட்டல் இயலும்.

மற்றொரு காரணமும் உண்டு. வீட்டில் தமிழ் பேசும் மாணவர் கல்லூரியில் ஆங்கிலத்திலோ கன்னடத்திலோ பயில்கின்றனர். தமிழ் எழுத்துப் பயிற்சி இல்லாதோரும் அவர்களுள் உளர். அவர்களுக்குத் தமிழில் அச்சிட்ட விளக்கம் பயன்படாது. தமிழில் பேசிய விளக்கம் பயன்படும். சுரங்க வீழ்ச்சிக்குப் பின் பட்டப்படிப்பே முன்னேறும் வழியாயிருக்கும் குடும்பங்களுக்கு இது சிறு செய்தியன்று.

கேட்டால் மட்டும் போதுமா?

போதாது என்பதை நம் நாட்டு அனுபவமே காட்டிற்று. 1956-ஆம் ஆண்டில் அகில இந்திய வானொலியின் புனே நிலையம், யுனெஸ்கோவின் துணையுடன், சுமார் 150 சிற்றூர்களில் வானொலிக் கிராம மன்றங்களை அமைத்தது. மன்றத்தினர் ஒன்றுகூடி நிகழ்ச்சியைக் கேட்டனர், பின்னர் விவாதித்தனர், தம் ஐயங்களை நிலையத்திற்கு எழுதியனுப்பினர். சமூகவியல் அறிஞர் பால் நியூராத் இதனை ஆராய்ந்தார். மன்றம் இருந்த ஊர்களில் மக்களின் அறிவு தெளிவாக வளர்ந்திருந்தது. வானொலிப் பெட்டி மட்டும் இருந்து, மன்றம் இல்லாத ஊர்களில் அவ்வளவு வளர்ச்சி காணப்படவில்லை.

தங்கவயலுக்கு அண்மையிலேயே மற்றொரு சான்று உண்டு. பங்காருப்பேட்டை வட்டத்தைச் சேர்ந்த பூதிகோட்டையில், 2000-க்குப் பிந்தைய முதல் சில ஆண்டுகளில், மைராடா, வாய்ஸஸ் என்னும் தொண்டு அமைப்புகளும் யுனெஸ்கோவும் துணைநிற்க 'நம்ம த்வனி' என்னும் ஊர் ஒலியகம் அமைந்தது. அக்காலத்தில் சிற்றூர் அமைப்புகளுக்கு வானொலி உரிமம் கிடைக்கவில்லை. தொண்டு அமைப்புகளுக்கு அது 2006-ஆம் ஆண்டில்தான் திறந்துவிடப்பட்டது. ஆகவே ஊரார் தாமே பதிவு செய்த நிகழ்ச்சிகள் ஒலிநாடாவில் மகளிர் சுயஉதவிக் குழுக்களின் கூட்டங்களில் ஒலிக்கப்பட்டன. பின்னர்த் தொலைக்காட்சிக் கம்பிவடத்தின் வழியே இல்லங்களை அடைந்தன. அலைபரப்பின்றிக் குறிப்பிட்ட குழுவினர்க்கென ஒலிப்பாடம் அளிக்கும் இம்முறையை வலையொலியின் முன்னோடி எனலாம்.

எப்பாடம் ஏற்றது?

உள்ளூர்ப் பொருளையே உதாரணமாகக் கொள்வோம். 1965-ஆம் ஆண்டில், தங்கவயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையம், ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகம், இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகம் ஆகியவற்றின் விஞ்ஞானிகள், வளிமண்டலத்தில் தோன்றும் நியூட்ரினோக்களின் விளைவைக் கண்டனர். அவ்வளவு ஆழம் எதற்கு? அண்டக் கதிர்களால் உண்டாகும் மியூவான் துகள்களை மேலுள்ள பாறை பெரும்பாலும் தடுத்துவிடுகிறது. பக்கவாட்டில் வரும் துகளோ மேலும் பன்மடங்கு பாறையைக் கடந்தாக வேண்டும். அங்ஙனம் கடந்துவர மியூவானால் இயலாது. எனவே பக்கவாட்டுச் சுவடு கிடைத்தால், பாறைக்குள் நியூட்ரினோ மோதியதால் பிறந்ததே அத்துகள் எனக் கொள்ளலாம்.

இத்தகைய காரண விளக்கமும் வரலாறும் செவிக்கு உகந்தவை. கருவியின் அமைப்புப் படம், கணிதச் சமன்பாடு, அட்டவணை ஆகியவை செவிக்கு உகந்தவை அல்ல. அவற்றை ஒரு தாளில் தனியே தருக. அச்செழுத்து கண்முன் நிற்கும். கேட்ட சொல் அக்கணமே மறையும். நீண்ட உரையில் முற்பகுதியை நினைவில் தாங்குவதிலேயே மாணவரின் கவனம் செலவாகிவிடுகிறது.

செயல்முறை

1. ஒரு பகுதிக்கு ஒரு கருத்தே போதும். பத்து நிமிடத்திற்கு மிகாதிருத்தல் நன்று.

2. தொடக்கத்தில் ஒரு வினாவை வைக்கவும். விடையை உடனே கூறாமல், கேட்போர் சிந்திக்கச் சிறிது இடைவெளி விடவும்.

3. கதவு, சன்னல்களை மூடிய அறையில், துணி, பாய் முதலியன எதிரொலியைக் குறைக்க, கைப்பேசியிலேயே பதிவு செய்யலாம். குரல் ஒரே சீராக இருத்தல் வேண்டும். தாழ்ந்த சொற்கள் இரயில் இரைச்சலில் அமிழ்ந்துபோம்.

4. பேச்சிற்கு வினாடிக்கு 64 கிலோபிட் வேகம் போதுமானது. அவ்வளவில் பத்து நிமிடப் பாடம் ஏறத்தாழ 4.8 மெகாபைட் ஆகும். பாதி வேகத்தில் 2.4 மெகாபைட்டே. கல்லூரியிலேயே இறக்கிக்கொண்டால் வழியில் இணைய வசதி வேண்டுவதில்லை.

5. உரையின் எழுத்துப்படியையும் உடன் அளிக்கவும். செவிப்புலன் குறைந்த மாணவர்க்கு அதுவே பாடம்.

6. பழைய சுரங்கத் தொழிலாளரின் அனுபவங்களை மாணவரே பதிவு செய்து பகுதிகளாக்கலாம். பேசுபவரின் இசைவை முன்னரே பெறுதல் கடமை.

7. மறுநாள் வகுப்பில் பத்து நிமிடம் ஒதுக்கி, வைத்த வினாவை விவாதிக்கவும். இப்படி இல்லையேல் முன்னைய ஆறும் வீண்.

கள ஊழியர்க்கும் இம்முறை பொருந்தும். பாடத்தைக் குழுவினருக்கு அனுப்பிவிட்டு அமைதல் போதாது. குழு கூடும் நாளில் ஒருமுறை ஒலிக்கச் செய்து, ஐயங்களைக் கேட்டெழுதி, அடுத்த பகுதியில் விடை தருதல் வேண்டும்.

வலையொலி ஆசிரியரின் இடத்தை நிரப்ப வந்ததன்று. விளக்கத்தின் ஒரு பகுதியைப் பயண நேரத்திற்கு மாற்றி, வகுப்பு நேரத்தை வினாவிற்கும் விடைக்கும் விடுவிப்பதே அதன் பணி. அந்நேரத்தை ஆசிரியர் எவ்வாறு பயன்படுத்துகிறார் என்பதைப் பொறுத்தே இச்சாதனத்தின் பயன் அமையும்.