பைக் வாங்கப் போகிறீர்களா? ஓடிப் பார்த்த பின் விலை பேசுங்கள்

கடந்த மாதம் ஒரு நாள் அஸர் தொழுதுவிட்டுக் கடைக்குத் திரும்பியபோது, லிங்கநகரில் எமக்குப் பக்கத்துத் தெருவில் வசிக்கும் சகோதரர் ஒருவர் தமது மகனுடன் காத்துக் கொண்டிருந்தார். மகனுக்கு இருபத்திரண்டு வயது. கையில் தொலைபேசி. அதில் ஒரு மோட்டார் சைக்கிளின் படம்.

"காக்கா, இவன் இந்த பைக்தான் வேணும் என்று ஒத்தக்கால்ல நிக்கிறான். நாளைக்கு லீசிங் பேப்பர்ல நான் பிணை வைக்கணும். நீங்க என்ன சொல்றீங்க?"

நான் மகனிடம் ஒரேயொரு கேள்விதான் கேட்டேன். "மகன், இதுல ஏறி ஓடிப் பார்த்தீங்களா?"

"இல்ல மாமா. வீடியோ நிறையப் பார்த்தேன்."

வாசகர்களே, சந்தையில் ஒரு மாம்பழத்தைக்கூட நாம் எடுத்து, மணந்து, அமுக்கிப் பார்த்துத்தான் வாங்குகிறோம். ஆனால் பல இலட்சம் ரூபா பெறுமதியான, உயிரையே ஏற்றிச் செல்லும் ஒரு பொருளைப் படத்தைப் பார்த்து வாங்குகிறோம். இது நம் பிள்ளைகளின் குற்றம் மட்டுமல்ல. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது முதல், 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் அனுமதி வழங்கப்படும் வரை ஐந்து வருடங்கள் நாட்டில் இருந்ததைத்தான் வாங்க வேண்டியிருந்தது. கிடைத்ததே பெரிது என்ற நிலையில் யாரும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. அந்தப் பழக்கத்தை இனி மாற்றிக் கொள்ள வேண்டும்.

இந்த வகை பைக் எப்படி வந்தது?

எங்கள் இளமைக்காலத்தில் வீதியில் ஓடியவை பெரும்பாலும் ஹொண்டா எம்.டி. 90, சீ.டி. 125 போன்றவை. வேலைக்குப் போக, மூட்டை ஏற்ற, குடும்பத்தைக் கூட்டிச் செல்ல என்றே அவை இருந்தன. 2001 இன் இறுதியில் இந்தியாவில் பஜாஜ் நிறுவனம் பல்சர் 150, 180 ஆகியவற்றை அறிமுகப்படுத்தியது. சாதாரண மனிதனும் சற்று வேகமான, தோற்றமுள்ள பைக் வைத்திருக்கலாம் என்ற எண்ணம் அதன் பிறகே பரவியது. 2007 இல் டீ.வீ.எஸ். அப்பாச்சி ஆர்.டீ.ஆர். 160 வந்தது. 2008 இல் யமஹா எப்.இஸட்., ஆர்15 ஆகிய இரண்டும் வந்தன. 2014 இல் சுசுகி ஜிக்ஸர் வந்தது. இன்று எமது இளைஞர்கள் கேட்பவை இவற்றின் பிந்திய வடிவங்களும் இவற்றோடு போட்டியிடுபவையும்தான்.

இவற்றுள் இரண்டு வகை உண்டு. ஒன்று எஞ்சின் வெளியே தெரியும் சாதாரண வீதி பைக். ஹேண்டில் உயரமாக இருக்கும். நிமிர்ந்து உட்காரலாம். எப்.இஸட்., அப்பாச்சி 160, ஜிக்ஸர், பல்சர் என்.எஸ். 200 எல்லாம் இந்த வகை. மற்றது முன்பக்கம் முழுவதும் மூடிய, பந்தய பைக் போன்ற வகை. ஆர்15 இதற்கு உதாரணம். ஹேண்டில் தாழ்ந்திருக்கும். முன்னே சாய்ந்துதான் ஓட வேண்டும். படத்தில் எல்லாம் அழகுதான். அரை மணி நேரம் ஓடிய பிறகு மணிக்கட்டும் முதுகும்தான் உண்மையைச் சொல்லும்.

இலக்கத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம்

விளம்பரத் தாளில் குதிரை வலு என்று ஓர் இலக்கம் இருக்கும். அதை மட்டும் பார்த்து முடிவெடுப்பது தவறு. ஓர் உதாரணம் சொல்கிறேன். யமஹா எப்.இஸட். மூன்றாம் வடிவத்தின் பிந்திய எஞ்சின் 149 சீசீ, 12.4 குதிரை வலு. ஆர்15 மூன்றாம் வடிவம் 155 சீசீ, 18.6 குதிரை வலு. பார்த்தவுடன் இரண்டாவதுதான் ஒன்றரை மடங்கு பலமுள்ளது என்று தோன்றும்.

ஆனால் இழுவை எவ்வளவு என்று பாருங்கள். எப்.இஸட். 13 நியூட்டன் மீற்றருக்குச் சற்று மேல். ஆர்15 14க்குச் சற்று மேல். வித்தியாசம் சிறிதுதான். அந்த இழுவை முந்தியதில் நிமிடத்துக்கு 5,500 சுழற்சியில் கிடைக்கிறது. பிந்தியதில் 8,500 சுழற்சியில்தான் கிடைக்கிறது. முழு வலுவும் வர 10,000 சுழற்சி வேண்டும். திருகோணமலைச் சந்தை வீதியில் மாடும் மானும் குறுக்கே வரும் இடத்தில், எந்த மனிதன் 10,000 சுழற்சியில் ஓடப் போகிறான்? அந்த வலுவுக்குப் பணம் கொடுக்கிறீர்கள், ஆனால் அதைப் பாவிக்கப் போவதில்லை. நீண்ட பாதையில் வேகமாகச் செல்பவருக்கு அது பொருந்தலாம். கடைக்கும் வீட்டுக்கும் பள்ளிவாசலுக்கும் ஓடுபவருக்குப் பொருந்தாது.

இருக்கையின் உயரமும் அவ்வாறே. எப்.இஸட். 790 மில்லிமீற்றர். ஆர்15 மூன்றாம் வடிவம் 815. ஒரு அங்குலம்தானே என்று நினைப்பீர்கள். உயரம் குறைந்தவருக்கு அந்த ஒரு அங்குலத்தில்தான் சிக்னலில் கால் ஊன்றுவதும் ஊன்றாததும் இருக்கிறது.

எப்படி ஓடிப் பார்ப்பது?

முதலில் சாரதி அனுமதிப்பத்திரத்தைப் பாருங்கள். 100 சீசீக்கு மேற்படாத மோட்டார் சைக்கிளுக்கு ஏ1 வகுப்பு. அதற்கு மேல் ஏ வகுப்பு வேண்டும். ஏ1 மட்டும் வைத்துக் கொண்டு 150 இல் ஏறினால், விபத்து நேர்ந்தால் காப்புறுதியும் கை கொடுக்காது, பொலிஸும் விடாது. இரவல் பைக் ஓர் அமானிதம். விழுந்தால் செலவு யாருடையது என்பதை ஏறுவதற்கு முன்பே பேசிக் கொள்ளுங்கள்.

விற்பனை நிலையத்தில் வாசலில் ஒரு சுற்று மட்டும் ஓட விடுவார்கள் என்றால் அது போதாது. அதே வடிவம் வைத்திருக்கும் நண்பரிடம் ஒரு மணி நேரம் கேட்டுப் பாருங்கள். மிக முக்கியமான விடயம், இரண்டு மூன்று பைக்குகளை ஒரே பாதையில், ஒரே நாளில், அதே ஆளைப் பின்னால் ஏற்றி ஓட வேண்டும். ஒன்றை இன்று நகரத்திலும் மற்றதை அடுத்த வாரம் நிலாவெளி வீதியிலும் ஓடினால் அது ஒப்பீடு ஆகாது.

எங்கள் ஊருக்கு நான் சொல்லும் பாதை இதுதான்:

1. புறப்பட முன் எஞ்சின் குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்யுங்கள். சத்தத்தைக் கேளுங்கள். நிறுத்தி வைத்து இரு பாதங்களும் ஊன்றுகிறதா என்று பாருங்கள். கையால் தள்ளிப் பின்னோக்கி எடுத்துப் பாருங்கள். வீட்டு முற்றத்தில் தினமும் செய்யப் போவது அதைத்தான்.

2. உவர்மலை ஏற்றத்தில் பின்னால் ஆள் ஏற்றி, பாதியில் நிறுத்தி, மீண்டும் எடுங்கள். கிளச் எவ்வளவு கடினம், எஞ்சின் திணறுகிறதா என்பது அங்கே தெரியும்.

3. சந்தைப் பக்கம் மெதுவாக, முதலாம் இரண்டாம் கியரில் ஓடுங்கள். ஒடுங்கிய தெருவில் ஒரே தடவையில் திருப்ப முடிகிறதா? காலில் எஞ்சின் சூடு அடிக்கிறதா?

4. உப்புவெளி தாண்டி சாம்பல்தீவுப் பக்கம் வீதி திறந்ததும், மேல் கியரில் 40 இலிருந்து 60 வரை எடுத்துப் பாருங்கள். லொறியை முந்தும்போது தேவைப்படுவது இந்த இழுவைதான். கையிலும் பாதத்திலும் நடுக்கம் வந்து விறைக்கிறதா என்று கவனியுங்கள்.

5. முன்னும் பின்னும் வாகனம் இல்லாத நேரான இடத்தில், 40 வேகத்தில் இரு பிரேக்கையும் படிப்படியாக அழுத்துங்கள். பைக் நேராக நிற்க வேண்டும். கடலோர வீதியில் மணல் பரவியிருக்கும். அங்கே ஏ.பி.எஸ். இருப்பது பெரிய பாதுகாப்பு. சில்லு பூட்டிக் கொண்டு வழுக்காமல் அது பிரேக்கை விட்டு விட்டுப் பிடிக்கும். இந்தியாவில் 125 சீசீக்கு மேற்பட்ட பைக்குகளுக்கு 2019 ஏப்ரல் முதல் இது கட்டாயம். ஆனால் பலவற்றில் முன்சில்லுக்கு மட்டும்தான் உண்டு. எத்தனை சில்லுக்கு என்று கேட்டு வாங்குங்கள்.

திரும்பியதும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். மூன்று பைக்குக்கும் அதே ஐந்து விடயங்களுக்குப் பத்துக்கு எத்தனை புள்ளி என்று போடுங்கள். மனதில் வைத்திருந்தால் கடைசியில் நிறம்தான் வெல்லும்.

பின்னால் இருப்பவரையும் கேளுங்கள்

இதை நம்மவர்கள் அடியோடு மறந்து விடுகிறார்கள். உம்மாவையும் மனைவியையும் சகோதரியையும் ஏற்றப் போகும் பைக்கை அவர்கள் பார்ப்பது வாங்கிய பிறகுதான். வேகத் தோற்றமுள்ள பைக்குகளில் பின் இருக்கை சிறியது, உயரமானது. பிடித்துக் கொள்ளச் சரியான பிடி இருக்காது. அபாயாவின் ஓரம் செயினிலோ சில்லிலோ சுற்றினால் நொடியில் ஆளை இழுத்து வீழ்த்தி விடும். இந்திய மோட்டார் வாகன விதிகளின்படி பின்னிருப்பவருக்குப் பிடி, கால் தாங்கி, பின்சில்லின் பாதியையாவது மூடும் காப்பு ஆகியன வேண்டும். அழகுக்காக அந்தக் காப்பைக் கழற்றி எறியும் இளைஞர்கள் இங்கே இருக்கிறார்கள். தயவு செய்து அதைச் செய்ய வேண்டாம். அது இல்லாத பைக் என்றால் பொருத்திய பிறகே பெண்களை ஏற்றுங்கள்.

பழைய பைக் வாங்குபவருக்கு

இதில் எனது சொந்த அனுபவத்தைச் சொல்ல வேண்டும். பல வருடங்களுக்கு முன் ஒரு பழைய பைக் வாங்கினேன். மஹ்ரிப் நேரம், வெளிச்சமில்லை. நான் போகும்போதே எஞ்சின் சூடாக ஓடிக் கொண்டிருந்தது. தெரிந்தவர் சொன்னார் என்று ஓடிப் பார்க்காமலே காசைக் கொடுத்தேன். மறுநாள் கந்தளாய் வீதியில் போகும்போது ஹேண்டில் இடப்பக்கமாகவே இழுத்தது. கராஜில் காட்டினேன். விபத்தில் சட்டகம் வளைந்த பைக் என்றார்கள். கடைசியில் குறையைச் சொல்லித்தான் அதை விற்றேன். அரைவாசிப் பணம் போனது. சொல்லாமல் விற்றிருந்தால் பணம் தப்பியிருக்கும், ஆனால் இன்னொருவரின் பிள்ளை அதில் ஏறியிருப்பான்.

ஆகவே பழைய பைக்கைப் பகலில் பாருங்கள். வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லி, போனதும் எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள். சைலன்சரில் நீலப் புகை வந்தால் எஞ்சின் ஒயில் எரிகிறது. ஒருவர் ஓட, நீங்கள் பின்னால் சென்று இரு சில்லும் ஒரே கோட்டில் போகிறதா என்று கவனியுங்கள். மீற்றரில் கிலோமீற்றர் குறைவாகவும் கால் மிதி இறப்பர் தேய்ந்தும் இருந்தால் மீற்றரை நம்ப வேண்டாம். நமது கடற்காற்றில் ஆணிகளும் வயர் இணைப்புகளும் துருப்பிடிக்கும், அவற்றையும் பாருங்கள். சட்டக இலக்கம், எஞ்சின் இலக்கம் இரண்டும் பதிவுச் சான்றிதழோடு ஒத்திருக்க வேண்டும். அதில் நிதி நிறுவனத்தின் பெயர் உரிமையாளராக இருந்தால் கடன் தீர்ந்ததற்கான கடிதம் இன்றிக் காசு கொடுக்க வேண்டாம்.

மார்க்கம் தந்த வசதி

தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டு, உள்ளே ஈரத்தைக் கண்டு, அதை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று விற்றவரைக் கண்டித்த செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. பொருளைப் பரிசோதிப்பது விற்பவரை அவமதிப்பதல்ல என்பதற்கு இதைவிட வேறென்ன ஆதாரம் வேண்டும்? மறைத்த குறை பின்னர் தெரிந்தால் திருப்பிக் கொடுக்கும் உரிமை வாங்கியவருக்கு உண்டு. அதுவன்றி, இத்தனை நாளுக்குள் வேண்டாமென்றால் திருப்பலாம் என்று நிபந்தனை வைத்தும் வாங்கலாம். ஷாபிஈ மத்ஹபில் அதற்கு உச்ச அளவு மூன்று நாட்கள். பழைய பைக் வாங்குபவர் இந்த நிபந்தனையை ஒரு தாளில் எழுதி இருவரும் ஒப்பமிடுவது நல்லது. அதேவேளை இன்னொருவர் விலை பேசி முடித்த பைக்கின் மேல் கூட்டி விலை சொல்வது நமக்குத் தடுக்கப்பட்டது.

காசு முழுமையாக இல்லாதவர் வட்டி லீசிங்கில் விழ வேண்டியதில்லை. 2005 இல் வங்கிச் சட்டம் திருத்தப்பட்ட பின் இந்நாட்டில் வட்டியில்லா நிதி முறைகளுக்கு வழி பிறந்தது. 2011 முதல் அமானா வங்கி முழுமையாக அந்த முறையில் இயங்குகிறது. முராபஹா முறையில் நிதி நிறுவனம் பைக்கை முதலில் தான் வாங்கி, பிறகு இலாபம் வைத்து உங்களுக்குத் தவணையில் விற்கும். ஆகவே ஓடிப் பார்ப்பது எல்லாம் அதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். ஒப்பமிட்ட பிறகு இருக்கை உயரம் என்று யாரிடம் முறையிடுவது?

அந்த மகனும் தகப்பனும் நான் சொன்னபடி பிணைப் பத்திரத்தை ஒரு வாரம் தள்ளிப் போட்டார்கள். மூன்று பைக்குகளை ஒரே பாதையில் ஓடிப் பார்த்தார்கள். உம்மாவையும் ஏற்றிப் பார்த்தார்கள். தொலைபேசியில் இருந்த பைக்கில் அவருக்கு ஏறவே முடியவில்லை. மகன் தானாகவே வேறொன்றைத் தெரிவு செய்தார், அது விலையும் குறைந்தது. எது என்று இங்கே எழுதப் போவதில்லை. அவர்களுக்குப் பொருந்தியது உங்களுக்கும் பொருந்த வேண்டும் என்றில்லை. உங்கள் காலும் உங்கள் பாதையும் உங்கள் வீட்டாரும் சொல்வதைக் கேட்டு வாங்குங்கள். தலைக்கவசத்தை மறக்க வேண்டாம். அல்லாஹ் நம் பிள்ளைகளின் பயணங்களைப் பாதுகாப்பானாக.