தலைக்கு மேலே போகும் நிலையம்

லிப்டன் சீட், தம்பேதென்ன

பெரட்டுக்கு முந்திய இருட்டிலோ, அந்தி சாய்ந்த சற்று நேரத்திலோ, மினுக்காமல் வானைக் கடக்கும் பிரகாசமான புள்ளி தெரிந்தால் அது சர்வதேச விண்வெளி நிலையமாக இருக்கலாம். விமானமென்றால் விளக்கு சிமிட்டும். மலையில் இருட்டினாலும் 400 கிலோமீட்டர் உயரத்தில் வெயில் இருக்கும். அந்த வெயில் பட்டுத்தான் நிலையம் ஒளிர்கிறது.

அங்கே மூன்று முறை தங்கியவர் சுனிதா வில்லியம்ஸ். பிறந்தது 1965இல், அமெரிக்காவின் ஒஹாயோவில். தந்தையின் ஊர் குஜராத்தின் ஜுலாசண். கடற்படை ஹெலிகொப்டர் விமானியான இவரை நாசா 1998இல் தெரிவு செய்தது. 2007 ஏப்ரலில் பொஸ்டன் மரதனை நிலையத்துக்குள்ளேயே ஓடினார். எடையற்ற இடத்தில் கால் தரையில் பாவாது என்பதால், ஓடுபொறியோடு உடலை வார்ப்பட்டைகளால் பிணைத்துக்கொண்டு 4 மணி 24 நிமிடம். அதற்குள் நிலையம் பூமியை ஏறக்குறைய மூன்று முறை சுற்றிவிட்டது! 2012இல் நிலையத்தின் தளபதியானார்.

2024 ஜூனில் சுமார் எட்டு நாள் பயணமாகத்தான் போனார். ஸ்டார்லைனர் கலத்தின் உந்துபொறிகளில் கோளாறு. வேறு கலத்தில் 2025 மார்ச் 18 அன்றுதான் திரும்பினார். மூன்று பயணங்களிலும் மொத்தம் 608 நாட்கள், ஒன்பது விண்நடைகள்.

இலங்கைப் பொறியியலாளர்கள் உருவாக்கிய சிறு செயற்கைக்கோள் ஒன்றும் 2019 ஜூன் 17 அன்று இதே நிலையத்திலிருந்து விடப்பட்டது. எல்லவின் அருவிக்கும் குகைக்கும் உள்ள பெயர்தான் அதற்கும்: இராவணா-1.