மாடு பயிரை மேய்ந்தால்

இடம்பெயர்ந்து வந்த இடத்தில் காணி நெருக்கம், வேலியில்லை. ஒருவரின் மாடு மற்றவரின் மிளகாய்க் கன்றை மேய்கிறது. வாய்த்தர்க்கம் கைகலப்பாகிறது. சட்டம் கைகலப்பைக் காண்கிறது, வேலியில்லாததைக் காண்பதில்லை. தண்டம் கட்டினாலும் மாடு மறுநாளும் வரும்.

வேலியைப் பற்றியும் பேசக்கூடிய இடம், 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த மத்தியஸ்த சபை. சிறுகாயம், அத்துமீறல் போன்றவற்றை அங்கே கொண்டுசெல்லலாம். கட்டணமில்லை. சட்டத்தரணிகள் தோன்ற முடியாது (கையில் காசில்லாதவருக்கு இது பெரிய ஆறுதல்). சபை தீர்ப்புச் சொல்லாது. இரு பகுதியும் சம்மதித்தால்தான் இணக்கம். சரிவராவிட்டால் இணங்காமைச் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். நீதிமன்றம் போக அது வேண்டும்.

வீட்டில் அடிவாங்கும் பெண்ணை மட்டும் 'இணங்கிப் போ' என்று அங்கே அனுப்புவது எமக்கு உடன்பாடல்ல. 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்கச் சட்டப்படி அவர் பாதுகாப்புக் கட்டளை கேட்டு நேரே நீதவான் நீதிமன்றம் போகலாம்.