நாக்பூர் வெயிலும் ஒரு பழ சோடாவும்

சென்ற ஆண்டு மே மாதக் கடைசியில் புனேயிலிருந்து மகளும் பேத்தியும் விடுமுறைக்கு வந்திருந்தார்கள். நாக்பூரில் ஒரு கோடையைக் கழித்தவர்களுக்கு அந்த நாட்களைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. நம் ஊரில் கத்திரி வெயில் என்பதைப் போல இங்கே 'நவதபா' என்று ஒன்பது நாட்களைச் சொல்வார்கள். மே 25 வாக்கில் ஆரம்பிக்கும். வெயில் 45 டிகிரியைத் தாண்டும். இரவு எட்டு மணிக்கும் சுவரைத் தொட்டால் அப்போதுதான் அடுப்பிலிருந்து இறக்கிய தோசைக்கல் மாதிரி இருக்கும்.

குளிர்ச்சிக்காக ஒரு மாலுக்குப் போனோம். உணவகத்தில் உட்கார்ந்ததும் பேத்தி அட்டையைப் புரட்டி, "எனக்கு ஒரு ஸ்பார்க்ளிங் ஃப்ரூட் காக்டெய்ல்" என்றாள். அவளுக்குப் பதினோரு வயது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. காக்டெய்ல் என்ற சொல்லை நான் ரெயில்வே ஆபீசர்ஸ் கிளப் வாசலில் கேட்டதோடு சரி. மகள் சிரித்துக்கொண்டே, "அப்பா, அதில் ஒன்றும் கிடையாது. பழமும் சோடாவும்தான்" என்றாள்.

வந்தது. உயரமான தம்ளர், அதில் பாதிக்கு ஐஸ், நாலு தர்ப்பூசணித் துண்டு, ஒரு புதினா இலை. விலை 280 ரூபாய். முப்பத்தைந்து வருஷம் எஸ்டிமேட் போட்டே பழகிய கை சும்மா இருக்குமா? பேப்பர் நாப்கினில் கணக்குப் போட்டேன். முப்பது ரூபாய்க்கு மேல் தாண்டவில்லை. "இதை நாளைக்கு நான் வீட்டிலேயே செய்து தருகிறேன்" என்று பேத்தியிடம் சொல்லிவிட்டேன்.

மகளின் முகம் மாறியது. "பழம் வேணும்னா நறுக்குங்க அப்பா. சோடா மட்டும் நீங்க செய்யாதீங்க" என்றாள்.

அவள் அப்படிச் சொன்னதற்குக் காரணம் உண்டு. 1994 மே மாதம், அஜ்னி ரெயில்வே காலனி குவார்ட்டர்ஸ். ஏதோ ஒரு பழைய பத்திரிகையில் இஞ்சி பீர் செய்முறையைப் பார்த்தேன். இஞ்சிச்சாறு, எலுமிச்சை, சர்க்கரை, சிட்டிகை ஈஸ்ட், தண்ணீர். இறுக மூடி இரண்டு நாள் வைத்தால் தானாகவே பொங்கும் பானம் தயார் என்று போட்டிருந்தது. காலியான ஸ்குவாஷ் பாட்டில் ஒன்றில் நூறு கிராம் சர்க்கரையோடு எல்லாவற்றையும் ஊற்றி, இறுக்கி மூடி, சமையலறையில் மண்பானைக்கு மேலே இருந்த பலகையில் வைத்தேன். இரண்டாம் நாள் இரவு இரண்டு மணிக்கு வெடித்தது. பட்டாசுச் சத்தம் இல்லை. ஏதோ வேகன் மோதிய சத்தம். ஓடிப்போய் விளக்கைப் போட்டால் பானை இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. எதிர்ச்சுவரின் சுண்ணாம்பில் கண்ணாடிச் சில்லுகள் குத்தி நிற்கின்றன. அதற்குப் பத்து நிமிஷம் முன்னால்தான் என் மகள், அப்போது ஐந்து வயது, அதே பானையில் தண்ணீர் மொண்டு குடித்துவிட்டு வந்து படுத்திருந்தாள். என் மனைவி அன்று என்னை ஒன்றும் சொல்லவில்லை. விடியும்வரை குழந்தையை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

பிறகு உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். வைப்பதற்கு முன்னால் பார்த்திருக்க வேண்டிய கணக்கு அது. ஒரு கிராம் சர்க்கரையை ஈஸ்ட் முழுதாகத் தின்று முடித்தால் ஏறக்குறைய கால் லிட்டர் கரியமில வாயு வரும். நூறு கிராம் என்றால் இருபத்தைந்து லிட்டர். முக்கால் லிட்டர் பாட்டிலுக்குள் அது எங்கே போகும்? போதாக்குறைக்கு, அதே ஈஸ்ட் வாயுவோடு சாராயத்தையும் உண்டாக்கும் என்பதும் குழந்தைகள் உள்ள வீட்டில் நினைத்துப் பார்க்க வேண்டிய சங்கதி.

சரி, கடையில் வாங்கும் சோடா மட்டும் சாதுவா என்றால் அதுவும் இல்லை. சாதாரணமாக ஒரு பங்கு தண்ணீருக்கு மூன்றரை, நான்கு பங்கு வாயுவை அழுத்தி ஏற்றுகிறார்கள். நான்கு பங்கு ஏற்றிய பாட்டில் முப்பது டிகிரிச் சூட்டில் இருந்தால் உள்ளே சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 5 கிலோ அழுத்தம் இருக்கும். நம் ரெயில் வண்டிகளின் ஏர்பிரேக் குழாயில் வைக்கிற அழுத்தமும் அதே 5 கிலோதான். அதனால்தான் அந்தக் காலத்துக் கோலி சோடா பாட்டிலின் கண்ணாடி அத்தனை தடிமன். ஆங்கிலேயரான ஹைரம் காட் 1872-ல் காப்புரிமை பெற்ற பாட்டில் அது. உள்ளே இருக்கும் வாயுவே கோலியை மேலே தள்ளிக் கழுத்தை அடைத்துக்கொள்ளும். விழுப்புரம் ஜங்ஷனில் சிறுவயதில் எத்தனையோ குடித்திருக்கிறேன். கட்டை விரலால் அழுத்தும்போது வரும் அந்த 'டப்'பைத் தவிர வேறெதையும் யோசித்ததில்லை.

ஆகவே மகள் பேச்சைக் கேட்டேன். சோடாவைக் கடையிலேயே வாங்கினேன். பிளாஸ்டிக் பாட்டில், சர்க்கரை சேர்க்காத வெறும் சோடா. (சமையல் சோடாவும் எலுமிச்சையும் கலந்து நுரைக்க வைக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். நுரைக்கும்; ஆனால் ஐந்து கிராம் சமையல் சோடாவில் ஏறக்குறைய 1.4 கிராம் சோடியம் இருக்கிறது. மூன்றரை கிராம் உப்பைத் தின்றதற்குச் சமம். ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிற நம் வயதுக்காரர்களுக்கு அது வேண்டாம்.)

இந்தப் பானத்தின் சூட்சுமம் பழத்தில் இல்லை, குளிரில் இருக்கிறது. சாதாரணக் காற்றழுத்தத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் பூஜ்யம் டிகிரியில் சுமார் 1.7 லிட்டர் கரியமில வாயுவைக் கரைத்து வைத்துக்கொள்ளும். முப்பது டிகிரியில் 0.66 லிட்டர்தான். எனவே வெதுவெதுப்பான சாற்றில் சோடாவை ஊற்றினால் வாயு அத்தனையும் வாசல் வழியே போய்விடும். சோடா பாட்டிலை முதல் நாள் இரவே ஃபிரிஜ்ஜில் வையுங்கள். சாறு, பழம், தம்ளர் எல்லாமே குளிர்ந்திருக்க வேண்டும்.

ஆறு தம்ளருக்கு என் அளவைச் சொல்கிறேன். இங்கே மராத்திக்காரர்கள் புளிக்குப் பதிலாகப் போடும் அம்சுல், அதாவது உலர்ந்த கோகம் தோல், எல்லா மளிகைக் கடையிலும் கிடைக்கிறது. பதினைந்து தோலை ஒரு கப் வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊற வைத்துப் பிசைந்து வடிகட்டினால் மாதுளை நிறத்தில் சாறு இறங்கும். அதில் ஆறு மேஜைக்கரண்டி சர்க்கரை, ஒரு டீஸ்பூன் இஞ்சிச்சாறு, ஒரு எலுமிச்சம்பழச் சாறு, வறுத்துப் பொடித்த சீரகம், கறுப்பு உப்பு ஒரு சிட்டிகை சேர்த்துக் கரைத்து ஃபிரிஜ்ஜில் வைக்கவும். என் மனைவிக்குச் சர்க்கரை வியாதி. அவளுக்கு மட்டும் சர்க்கரை போடாமல் தனியே எடுத்து வைத்து, பழத்துண்டையும் குறைத்துக்கொள்வேன்.

தர்ப்பூசணி, முலாம்பழம், கெட்டியான மாம்பழம் இவற்றைச் சுண்டைக்காய் அளவுக்கு மேல் பெரிதில்லாமல் நறுக்கி இரண்டு மணி நேரம் ஃபிரீசரில் வைத்தால் அவையே ஐஸ் கட்டிகள். தண்ணீர் ஐஸ் போட்டால் கரைந்து சப்பென்று ஆகிவிடும். மிக்சியில் அரைக்காதீர்கள். கூழும் நாரும் குமிழிகள் உட்கார்ந்து கிளம்ப இடம் கொடுக்கும். தம்ளர் பொங்கி வழிந்து, மிஞ்சுவது வெறும் சர்பத்.

முதலில் கால் தம்ளர் பழம், அதன்மேல் மூன்று மேஜைக்கரண்டி கோகம் சாறு. சாறு பழத்தை நனைக்க அரை நிமிஷம் விடுங்கள். பிறகு தம்ளரைச் சாய்த்துப் பிடித்து, ஓரமாகச் சோடாவை மெல்ல இறக்குங்கள். நீளக் கரண்டியால் அடியிலிருந்து மேலாக ஒரே ஒரு முறை தூக்கிவிடுங்கள். அவ்வளவுதான், கலக்கக் கூடாது. உப்பை மேலே தூவவும் கூடாது. மசாலா சோடாக் கடையில் தம்ளர் பொங்குவதைப் பார்த்திருப்பீர்களே, அது உப்பின் வேலை. குழந்தைகள் இருந்தால் நாலு உலர்திராட்சையைப் போடுங்கள். குமிழி ஒட்டியதும் மேலே வரும், குமிழி உடைந்ததும் கீழே இறங்கும். பேத்தி குடிக்க மறந்து அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாக்பூரில் இருந்துகொண்டு ஆரஞ்சு இல்லாமலா என்று கேட்பீர்கள். மே மாதத்தில் நல்ல ஆரஞ்சு ஏது? நவம்பர் வாக்கிலும், மறுபடி பிப்ரவரி, மார்ச்சிலும் செய்து பாருங்கள். ஒன்று மட்டும் கவனம்: நம் ஊர் ஆரஞ்சுச் சாறு வைத்திருக்க வைத்திருக்கக் கசக்கும். விதை நசுங்காமல் பிழிந்து உடனே பரிமாற வேண்டும்.

இவ்வளவையும் கற்றது சும்மா இல்லை. முன்பு ஒரு சித்திரை விழாவில் அறுபது பேருக்கு இதே மாதிரிப் பானம் தருவதாக வீரம் பேசி, விழா தொடங்கும் முன்பே பெரிய பாத்திரத்தில் சோடா முழுவதையும் கொட்டிக் கலந்துவிட்டேன். வரவேற்புரை முக்கால் மணி நேரம். அது முடிந்து பரிமாறியபோது ஒரு குமிழி இல்லை. "சார், ஜூஸ் நல்லா இருக்கு" என்று ஒருவர் பாராட்டினார். கூட்டம் பெரிதானால் சாற்றையும் பழத்தையும் தயாராக வைத்துக்கொண்டு, தம்ளர் தம்ளராகத்தான் சோடாவை ஊற்ற வேண்டும்.

ஊருக்குப் புறப்படும்போது பேத்தி ஒரு பொட்டலம் அம்சுல் கேட்டு வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டாள். "சோடாவும் இரண்டு பாட்டில் வைக்கட்டுமா?" என்றேன்.

மகள் திரும்பிப் பார்த்தாள். "வேண்டாம் தாத்தா, அது புனேயிலேயே கிடைக்கும்" என்றாள் பேத்தி.